பேத்தி மூஞ்சியும் நான் வாங்கிட்டு வந்த டியூபும்

போன பதிவுல மஞ்சள் வேக வைக்கறதைப் பத்தி எழுதியிருந்தேன். அடுத்தது கரும்பு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். ஆனா போன வாரம் எங்க ஊர் மெடிக்கல் முன்னாடி நின்னப்ப ஒரு விஷயம் பார்த்தேன். அதுக்கப்புறம் கரும்பு எழுத மனசு வரல.

கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு அம்மிணி வந்தது. இன்னொரு பொண்ணுக்கு நாலு வயசு இருக்கும், சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "அண்ணா, பாப்பாவுக்குக் கன்னத்துல சொறசொறன்னு இருக்குது, ஏதாவது டியூப் குடுங்க"ன்னு கேட்டது. கடைக்காரத் தம்பி குழந்தையை ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு, ஒரு டியூபை எடுத்துப் போட்டார். மொத்தமே ஒரு நிமிசம்தான். பணம் குடுத்துட்டு அந்தப் புள்ள போயிருச்சு.

கூப்பிட்டு நிறுத்தணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முன்னப் பின்ன தெரியாதவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தயங்குனேன். அதுக்குள்ள பஸ் வந்துருச்சு. அந்தத் தயக்கத்துக்குப் பரிகாரமாத்தான் இதை எழுதறேன். ஏன்னா ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அதே இடத்துல நின்னு, அதே மாதிரி ஒரு டியூபை வாங்கினவன் நான்.

புதுசா படிக்கறவங்களுக்குச் சொல்லிடறேன். நமக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல ரெண்டரை ஏக்கர். மகளும் மாப்பிள்ளையும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. ரெண்டு பேருக்கும் ஷிப்டு மாறி மாறி வர்றதால பேத்தி எங்ககிட்டதான் வளருது. அப்ப அவளுக்கு ஆறு வயசு, ஒண்ணாம் வகுப்பு.

மார்கழிப் பனியில உதடு வறண்டுச்சு. உதட்டை நக்கிக்கிட்டே இருப்பா. வாயைச் சுத்தி லேசா செவந்து சொறசொறப்பா ஆச்சு. தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாலே சரியாப் போயிருக்கும்னு இப்பத் தெரியுது. நான் மெடிக்கல்ல போய், "குழந்தைக்கு மூஞ்சில அரிப்பு"ன்னு சொல்லி ஒரு டியூப் வாங்கிட்டு வந்தேன். மூணே நாள்ல மாயமா மறைஞ்சுருச்சு. "நல்ல மருந்துங்க, பத்திரமா எடுத்து வைங்க"ன்னு வீட்டுக்காரி சொன்னா. சாமி படத்துக்குப் பக்கத்துல அந்த டியூபுக்கு ஒரு இடம் குடுத்தோம்.

பத்து நாள் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. திரும்பத் தடவுனோம், போச்சு. நிறுத்தினா வரும், தடவினா போகும். தை, மாசி ரெண்டு மாசமும் இப்படியே ஓடுச்சு. ரெண்டு டியூப் தீர்ந்து மூணாவது வாங்கினேன். பங்குனி வந்தப்ப டியூபுக்கும் அது அடங்கல. வாயைச் சுத்தி, மூக்கோரம், கண்ணுக்குக் கீழன்னு கடுகு கடுகா பொரி. சிலது செவப்பா, சிலது தோல் நிறத்துலயே. உதட்டை ஒட்டி மட்டும் ஒரு மெல்லிசு கோடு மாதிரி சுத்தமா இருந்துச்சு. மத்த இடமெல்லாம் பொரி.

அப்புறம் ஊர்ல ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. வீட்டுக்காரி அம்மைன்னு நினைச்சு வேப்பிலை கட்டி, தாளிப்பு வாசம் இல்லாம ஒரு வாரம் சமைச்சா. பக்கத்துத் தோட்டத்து அக்கா பூச்சி எச்சில்னு சொல்லி மஞ்சளும் குப்பைமேனியும் அரைச்சுக் குடுத்தாங்க. ஒருத்தர் கண்ணேறுன்னார். "மாட்டுக் கட்டுத்தறியில புள்ளைய விளையாட விட்டா இப்படித்தான்"னு இன்னொருத்தர். நானே ராத்திரி தூக்கம் வராம, வயலுக்கு அடிச்ச பூச்சி மருந்துதான் காத்துல வந்து புள்ள மூஞ்சில பட்டுருச்சோன்னு கிடந்து தவிச்சேன். எல்லாரும் எல்லாத்தையும் சந்தேகப்பட்டோம். சாமி படத்துக்குப் பக்கத்துல இருந்த டியூபை மட்டும் யாரும் சந்தேகப்படல.

பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்திருந்த புள்ள எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிருச்சு. அதோட அம்மா சொல்லி விட்டிருக்காங்க, ஒட்டிக்கும்னு. பேத்தி கைக்குட்டையால வாயை மூடிக்கிட்டே பேச ஆரம்பிச்சா. சோறு திங்கும்போதுகூடச் செவுத்தைப் பாத்து உக்காருவா. "அப்புச்சி, நான் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகல"ன்னு ஒருநாள் சொன்னா. ஏன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லல. அன்னிக்குத்தான் ஒரு நாள் வேலையைப் போட்டுட்டு டவுனுக்குத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

டாக்டர் மூஞ்சியைப் பாத்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "என்ன தடவறீங்க?" "ஒண்ணும் இல்லைங்க, சாதா டியூப்தான்"னேன். "அந்தச் சாதா டியூபை எடுத்துட்டு வந்திருக்கீங்களா?" நல்லவேளை, வீட்டுக்காரி பையில போட்டு விட்டிருந்தா. டாக்டர் அதைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல இருந்த ஒரு பேரை விரல் வெச்சுக் காட்டினார். "இது ஸ்டீராய்டு. அதுலயும் வீரியமான வகை. கை கால்ல தோல் தடிச்சுப் போன பெரியவங்களுக்குக் குடுக்கறது. குழந்தை மூஞ்சிக்கு இல்லை."

அவர் சொன்னதையும், அப்புறம் மாப்பிள்ளை தேடிப் படிச்சுக் காட்டினதையும் வெச்சு எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். இந்த நோய்க்குப் பெரிஓரல் டெர்மடைட்டிஸ்னு பேர். வாயைச் சுத்தி வர்ற தோல் அழற்சின்னு வெச்சுக்கலாம். 1950கள்லயே பெரியவங்ககிட்ட, அதிகமா இளவயசுப் பெண்கள்கிட்ட, இதைக் கண்டு எழுதியிருக்காங்க. குழந்தைகளுக்கு வர்றது அதைவிட அபூர்வம். 1970ல ஜானோட்டிங்கற இத்தாலி டாக்டர், 5 குழந்தைங்களுக்கு வாயைச் சுத்தி இந்த மாதிரிப் பொரி வந்ததைப் பதிவு பண்ணியிருக்கார். 1990ல லண்டன்ல ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளிக் குழந்தைங்ககிட்ட இதே மாதிரி பார்த்திருக்காங்க. அந்த வகைப் பொரி நிறம் கூடின தோல் இருக்கற குழந்தைங்களுக்கு அதிகமா வருதாம். இது தொத்து நோய் கிடையாது. பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்காது. இந்த ஒரு வரியை அந்தப் பள்ளிக்கூடத்துச் செவுத்துல எழுதி வெக்கணும்னு அப்பத் தோணுச்சு.

ஏன் வருதுன்னு கேட்டா, இதுதான்னு ஒரே காரணத்தை யாரும் சொல்றதில்லை. எதுவுமே தடவாத குழந்தைங்களுக்கும் வந்திருக்கு. ஆனா வந்தவங்ககிட்ட விசாரிச்சா திரும்பத் திரும்ப வர்ற சங்கதிகள் சிலது இருக்கு. முதல் இடம், மூஞ்சில தடவுற ஸ்டீராய்டு டியூபுக்கு. ரெண்டாவது, இளைப்பு இருக்கற குழந்தைங்க மாஸ்க் வெச்சு இழுக்கற ஸ்டீராய்டு மருந்து. அது மூஞ்சில படியறதால வரலாம். (அதுக்காக இளைப்பு மருந்தை நீங்களா நிறுத்திடாதீங்க, உசிருக்கு ஆபத்து. இழுத்து முடிச்சதும் மூஞ்சியைக் கழுவி விடணும், டாக்டர்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான்.) அப்புறம் பிசுபிசுன்னு இருக்கற கிரீம்கள், சில பேருக்குப் பற்பசை, எச்சில் ஊறிக்கிட்டே இருக்கறது. இப்படிப் பல சங்கதி சேர்ந்து மூஞ்சித்தோலோட காப்பு கெட்டுப்போயி இது வருதுன்னு சொல்றாங்க.

ஸ்டீராய்டு பூச்சு ஒண்ணும் கெட்ட மருந்து இல்லைங்க. 1952ல முதன்முதலா தோல் நோய்க்கு இதைத் தடவிப் பார்த்தப்ப உலகமே அதிசயப்பட்டிருக்கு. கரப்பான் வந்து ராத்திரி பூரா சொறிஞ்சு ரத்தம் வர வெச்சுக்கிற குழந்தைக்கு அது வரப்பிரசாதம். 1960கள்ல இன்னும் வீரியமான வகைகள் வந்துச்சு. அது புழக்கத்துக்கு வந்த பின்னாடிதான் இந்த வாய்ப்பொரியும் ஊரு உலகத்துல பெருகியிருக்கு.

மூஞ்சித்தோல் கைத்தோல் மாதிரி இல்லை. 1967ல அளந்து பார்த்து எழுதி வெச்சிருக்காங்க. முன்கையில தடவினா உள்ள போற அளவை ஒண்ணுன்னு வெச்சா, நெத்தியில தடவினா 6 மடங்கு, தாடையில 13 மடங்கு உள்ள போகுது. அதுவும் பெரியவங்க தோல்ல. ஆறு வயசுப் புள்ளைக்குத் தாடையில நான் மூணு மாசம் தடவியிருக்கேன்.

இதுல எனக்கு வெக்கமா இருக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தச் சங்கதி எனக்கு முன்னாடியே தெரியும். மருந்துல இல்லை, நெல்லுல.

நெல்லுல புகையான்னு ஒரு பூச்சி வரும். தூர்ல உக்காந்து சாறு உறிஞ்சும். வயல் வட்ட வட்டமா தீஞ்ச மாதிரி காய்ஞ்சுரும். பதட்டத்துல சில பேர் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தை வாங்கி அடிப்பாங்க. அடிச்ச உடனே வயல் சுத்தமான மாதிரி தெரியும். ஆனா அந்த மருந்து புகையானைத் திங்கற சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் சேர்த்துக் கொன்னுரும். கொஞ்ச நாள்ல புகையான் முன்னைவிடப் பல மடங்கா திரும்ப வரும். அதனாலதான் புகையானுக்கு அந்த மருந்தை அடிக்காதீங்கன்னு வேளாண்மைத் துறையில கரடியா கத்தறாங்க. நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கேன். வயலுக்கு மருந்து வாங்கப் போனா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன். என்ன மருந்து, ஏக்கருக்கு எத்தனை மில்லி, அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுக்கலாம்னு கேப்பேன். பேத்தி மூஞ்சிக்கு வாங்கின டியூபுல ஒரு எழுத்துகூடப் படிக்கல. அடிச்சா போகுது, நிறுத்தினா முன்னைவிட அதிகமா வருதுன்னு கண்ணெதிர்ல நடந்தும், இது அதே கதைதான்னு மண்டைக்கு உறைக்கல.

டாக்டர் டியூபை அன்னிக்கே நிறுத்தச் சொன்னார். "ரெண்டு மூணு வாரம் இப்ப இருக்கறதைவிட மோசமாகும். பயந்துட்டுத் திரும்பத் தடவுனீங்கன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்"னு எச்சரிக்கையும் பண்ணார். வேற ஒரு ஜெல்லும், எரித்ரோமைசின் சிரப்பும் எழுதிக் குடுத்தார். பெரியவங்களுக்குக் குடுக்கற டெட்ராசைக்ளின் மாத்திரையைச் சின்னக் குழந்தைங்களுக்குக் குடுத்தா பல்லு கறை பிடிச்சுரும், அதனால இதுன்னார். சோப்பு, பவுடர், மஞ்சள், குப்பைமேனி, தேங்காய் எண்ணெய் எதுவும் மூஞ்சில வேண்டாம், வெறும் தண்ணின்னு சொல்லிட்டார்.

அவர் சொன்ன மாதிரியே ஆச்சு. அஞ்சாம் நாள் மூஞ்சி வீங்கி, தக்காளி மாதிரி செவந்துருச்சு. எரியுதுன்னு அழுதா. ஞாயித்துக்கிழமை மகள் திருப்பூர்ல இருந்து வந்து, வாசல்லயே நின்னு பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல. அப்புறம், "அப்பா, உங்ககிட்ட நம்பி விட்டுட்டுப் போனேன்"னு மட்டும் சொன்னா. திட்டியிருந்தாத் தேவலை. அன்னிக்கு ராத்திரி அந்த டியூபைக் கையில எடுத்துட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தடவினா காலைல புள்ள அழாம எந்திரிக்கும். அதோட வேலையே அதுதான், நம்மளை அப்படி நினைக்க வெக்கறது. எந்திரிச்சுப் போயி எருக்குழியில வீசிட்டு வந்தேன்.

மூணாவது வாரம் அடங்க ஆரம்பிச்சது. முழுசா தெளிய ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. எங்க அதிர்ஷ்டம், தழும்பு இல்லை.

சரி, இப்ப என் கருத்துக்கு வர்றேன். கடைக்காரத் தம்பியைத் திட்டி எழுதிட்டுப் போறது சுலபம். ஆனா ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல்னு கதவைத் தட்டினா எந்திரிச்சு வந்து மருந்து குடுக்கறதும் அவர்தான். தோல் டாக்டரைப் பார்க்க எங்களுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு, பீஸு எல்லாம் இருக்கு. கடை அஞ்சு நிமிச நடை. எங்க ஆளுங்க ஏன் கடைக்குப் போறாங்கன்னு நகரத்துல இருந்து கேக்கறவங்க இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கணும்.

அதுக்காக நடக்கறது சரின்னு ஆயிடாது. முன்னாடி வெளிப்பூச்சு மருந்துங்கற பேர்ல ஸ்டீராய்டு டியூப்களுக்குச் சட்டத்துல ஒரு சந்து இருந்துச்சு. 2018ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அட்டவணை எச்-க்குள்ள கொண்டு வந்து அந்தச் சந்தை அடைச்சாங்க. அப்படின்னா டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருசமா போராடித்தான் இது வந்துச்சு. சட்டம் வந்தும் எங்க ஊர்ல போன வாரம் ஒரு நிமிசத்துல டியூப் கை மாறிருச்சு. சீட்டு எங்கன்னு அவரும் கேக்கல, எதுக்குன்னு அந்தப் புள்ளையும் கேக்கல. வாங்கறவன் கேக்காத வரைக்கும் சட்டம் காகிதத்துலதான் இருக்கும். ரெண்டு வருசம் முன்னாடி கேக்காதவன் நான்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல மாசத்துக்கு ஒரு நாளாவது தோல் டாக்டர் வந்து உக்காந்தா பாதிப் பேர் கடைக்குப் போக மாட்டாங்க. அங்கன்வாடியிலயும் பள்ளிக்கூடத்துலயும் ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தா மீதி. எங்க பஞ்சாயத்து கிராம சபையில இதைக் கேக்கலாம்னு இருக்கேன்.

நகரத்துல இருக்கற உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. எங்க ஊர் டியூப் பாதி அரிப்புக்குப் போகுதுன்னா, மீதி வெள்ளையாகறதுக்குப் போகுது. அந்த ஆசை எங்க வயல்ல முளைச்சது இல்லை. விசேஷத்துக்கு ஊருக்கு வர்றவங்க, "பாப்பா கறுத்துப் போச்சே, இதைத் தடவு"ன்னு கைப்பையில இருந்து எடுத்துக் குடுத்துட்டுப் போறாங்க. சில கிரீம்ல ஸ்டீராய்டும் கலந்திருக்குன்னு குடுக்கறவங்களுக்கே தெரியாது. தடவின நாலு நாள்ல நிறம் வெளுக்கும், மினுமினுக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, நரம்பு தெரிஞ்சு, வெயில் பட்டா எரியும். படர்தாமரை மேல தடவினா கொஞ்ச நாள் அரிப்பு அடங்கும், உள்ளுக்குள்ள தாமரை பரவிக்கிட்டே இருக்கும். வெயில்ல விளையாடற புள்ள கறுக்கத்தான் செய்யும். அதுக்கு மருந்து எதுக்கு?

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். இதைப் படிச்சு முடிச்சதும் வீட்டுல இருக்கற டியூப்களை எடுத்துப் பாருங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் மாதிரிப் பேர் பொடி எழுத்துல இருந்தா, அது டாக்டர் சொன்ன இடத்துக்கு, சொன்ன நாளுக்கு மட்டும். குழந்தை மூஞ்சில ஏற்கெனவே பல வாரமா தடவிக்கிட்டு இருந்தீங்கன்னா, நிறுத்தினதும் மோசமாகும்ங்கறதைத் தெரிஞ்சுக்கிட்டு, டியூபைக் கையில எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்காதீங்க. நான் "சாதா டியூப்"னு சொன்னேனே, அந்த மாதிரிச் சொல்லாதீங்க.

இன்னொண்ணு. எந்தக் குழந்தை மூஞ்சில என்ன இருந்தாலும், "என்ன இது?"ன்னு அது காதுபடக் கேக்காதீங்க. பொரி ரெண்டு மாசத்துல போயிருச்சு. கைக்குட்டையை வாய்ல இருந்து எடுக்க எங்க பேத்திக்கு ஒரு வருசம் ஆச்சு.

இந்த வாரம் அந்த மெடிக்கலுக்குப் போய்த் தம்பிகிட்ட பேசினேன். "கேக்கறாங்க, குடுக்கறேங்க மாமா. நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கிக்குவாங்க"ன்னார். "குழந்தை மூஞ்சிக்குன்னு கேட்டா மட்டுமாவது குடுக்காதே சாமி, டாக்டர்கிட்ட அனுப்பு"ன்னேன். யோசிச்சுட்டு, சரிங்க மாமான்னார். செய்வாரான்னு பார்க்கணும். அந்த நாலு வயசுப் புள்ள எந்த ஊருன்னும் விசாரிச்சுட்டு வந்திருக்கேன். நாளைக்குத் தண்ணி கட்டிட்டு ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரணும்.

கரும்பு அடுத்த பதிவுல.